லென்ஸ் பிளேர்: நூறு வயதைத் தாண்டிய தொல்லை

இரவில் தெருவிளக்கைக் கைபேசியில் படம் எடுத்தால், விளக்குக்கு எதிர்ப்புறம் ஒரு பச்சைப் புள்ளி மிதப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கேமரா போய்விட்டது என்று கடைக்கு ஓடுபவர்களும் உண்டு. பெரும்பாலும் கேமராவில் கோளாறு எதுவும் இருக்காது. இது கைபேசிக்கு வெகுகாலம் முன்பே பிறந்த தொல்லை.

ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போதும், வெளியேறும்போதும் சுமார் 4 சதவீதம் திரும்பிவிடுகிறது. 1896-ல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ப் வடிவமைத்த பிளானார் லென்ஸில் காற்றைத் தொடும் பரப்புகள் 8. நூறு பங்கு ஒளி உள்ளே போனால் 72 பங்குதான் ஒழுங்காகப் போய்ச் சேரும். மிச்சத்தில் ஒரு பகுதி உள்ளேயே முட்டி மோதி, கடைசியில் படத்தின் மேல் புகை போலப் படியும். அருமையான வடிவமைப்பு, ஆனால் அந்தக் காலத்தில் எடுபடவில்லை. அவரே 1902-ல் கொண்டுவந்த டெஸ்ஸாரில் பரப்புகள் 6 தான். அது சக்கைப்போடு போட்டது!

இதற்கு மருந்து கிடைத்த விதம்தான் வேடிக்கை. 1890-களில் இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர், பழசாகி மங்கிய சில லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியைக் கடத்துவதைக் கவனித்தார். கறை நல்லது என்று விளம்பரத்தில் சொல்வது இங்கே நிஜமாகவே நடந்திருக்கிறது. அந்தக் கறையைச் செயற்கையாக உண்டாக்க முயன்று 1904-ல் காப்புரிமையும் பெற்றார். ஆனால் எல்லாக் கண்ணாடியும் ஒரே மாதிரி மங்கவில்லை. 1935-ல் ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா, வெற்றிடத்தில் மெல்லிய படலம் பூசும் முறையைக் கண்டுபிடித்தார். படலத்தின் கனம் ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு. அதன் மேலும் அடியிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஜெர்மனி இதைக் கொஞ்ச காலம் ராணுவ ரகசியமாகவே வைத்திருந்தது.

அப்புறம் கைபேசியில் ஏன் இந்தப் பிரச்சினை? நகத்தளவு இடத்தில் ஐந்தாறு லென்ஸ்கள், மேலே ஒரு மூடுகண்ணாடி, அதன் மேல் நம் விரல் எண்ணெய். வெயிலை மறைக்கும் ஹூட் மாட்டவும் வழியில்லை. 2012-ல் ஐபோன் 5 படங்களில் ஊதா நிறம் படிவதாகப் புகார் கிளம்பியபோது, சிறிய கேமராக்களில் இது சகஜம், கேமராவைச் சற்றே நகர்த்துங்கள் அல்லது கையால் வெளிச்சத்தை மறையுங்கள் என்பதுதான் ஆப்பிளின் பதில். 2016-ல் கூகுள் பிக்ஸலில் படத்தின் மூலையில் ஒளி வளையம் வந்தது. கூகுள் லென்ஸைத் தொடவில்லை, வளையத்தைத் தேடிப்பிடித்துக் கழிக்கும் மென்பொருளைக் கையில் எடுத்தது. ஆனால் அந்த வெளிச்சத்தில் ஒரு முகம் முழுக்க வெளுத்துப் போயிருந்தால், எவ்வளவு கழித்தாலும் அந்த முகம் திரும்பி வராது.