சலவை முத்திரையும் ஒரு மரக்கதவும்

பெர்லினில் 1933 ஏப்ரலில் பௌஹௌஸ் கலைப் பள்ளிக்குப் போலீஸ் சீல் வைத்தது. அங்கே பாடம் நடத்திய யோசெஃப் ஆல்பெர்ஸும், நெசவில் தேர்ந்த அவர் மனைவி அன்னியும் அந்த வருடம் முடிவதற்குள் அமெரிக்காவின் வட கரோலினா மலைகளுக்குள் வந்து சேர்ந்தார்கள். ஆல்பெர்ஸுக்கு ஆங்கிலம் சரியாக வராது. அவரை அழைத்த கல்லூரியோ பிறந்து சில மாதங்களே ஆனது.

அதுதான் பிளாக் மவுண்டன் கல்லூரி. ஃபுளோரிடாவின் ரோலின்ஸ் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட ஜான் ஆண்ட்ரூ ரைஸும், அவரோடு வெளியேறிய சிலரும் சேர்ந்து தொடங்கியது. கட்டாயப் பாடம் எதுவும் இல்லை. மேலிருந்து ஆட்டிவைக்கும் அறங்காவலர் குழு இல்லை, ஆசிரியர்களே உரிமையாளர்கள். கட்டடம்கூட ஒய்.எம்.சி.ஏ.விடம் எடுத்த வாடகைக் கட்டடம். கோடை வந்தால் ஒய்.எம்.சி.ஏ.வுக்கு இடம் வேண்டும். அதனால் வருடா வருடம் கல்லூரி முழுவதையும் மூட்டை கட்டி ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு மறுபடி பிரிக்க வேண்டும்.

இந்தக் கல்லூரியின் புகைப்படங்களை முதன்முதலாகப் பார்க்கிறவர் சற்றுத் திகைத்துத்தான் போவார். இருபதாம் நூற்றாண்டின் கலையைப் புரட்டிப் போட்டவர்கள் கூடிய இடமாயிற்றே என்று தூரிகையையும் சட்டகத்தையும் தேடுவோம். கண்ணில் படுவது மண்வெட்டி. சோள வயல், மாட்டுத் தொழுவம், மண் சுமக்கும் இளைஞர்கள், தோளில் பலகையோடு நடக்கும் பெண்கள். காலையில் வகுப்பு, பிற்பகலில் உடலுழைப்பு என்பதுதான் அங்கே நாளின் நடை. சாப்பிடும் காய்கறியில் ஒரு பங்கு சொந்த நிலத்தில் விளைந்தது. ஆசிரியர், மாணவர் என்ற பேதம் இல்லாமல் ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிட்டார்கள். சனிக்கிழமை மாலை மட்டும் வேறு: மண் ஒட்டிய கால்சட்டையைக் கழற்றிவிட்டு நல்ல உடுப்பு உடுத்தி வருவார்கள், சாப்பாட்டுக்குப் பின் கச்சேரியோ நாடகமோ நடனமோ இருக்கும்.

கட்டுமானப் படங்கள் தனி ரகம். 1937இல் ஈடன் ஏரிக்கரையில் கல்லூரி சொந்த நிலம் வாங்கியது. பௌஹௌஸை நிறுவிய வால்டர் குரோப்பியஸும் மார்செல் பிராயரும் வரைந்து கொடுத்த திட்டம் அழகானது, ஆனால் கைக்கு எட்டாத செலவு. பிறகு லாரன்ஸ் கோச்சர் என்ற கட்டடக் கலைஞர் எளிய வடிவம் ஒன்றைத் தந்தார். 1940, 41இல் மாணவர்களும் ஆசிரியர்களும் தங்கள் கையாலேயே அதைக் கட்டினார்கள். கரையில் நின்றுபோன கப்பல் போல் நீண்டு கிடக்கும் அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் தனியாக ஒரு சிற்றறை. தான் ஆணி அடித்த சுவருக்குள் உட்கார்ந்து படிக்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்! அந்தப் படங்களில் இருக்கும் முகங்களில் களைப்பும் தெரிகிறது, பெருமிதமும் தெரிகிறது.

போர் வந்தது. ஆண்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். பண்ணையையும் தச்சுப் பட்டறையையும் மாலி கிரெகரி என்ற ஆசிரியை தாங்கிப் பிடித்தார். 1944 கோடையில் இசை வகுப்புக்கு ஆல்மா ஸ்டோன் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண் சேர்ந்தார். பேருந்தில்கூட நிறத்துக்கு ஒரு இருக்கை ஒதுக்கிய தென் மாநிலம் அது. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல இன்னும் 10 வருடம் இருந்தது. அதற்கு முன்பே இங்கே ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ரூத் அசாவா 1946இல் வந்தார். ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகப் போர்க்காலத்தில் குடும்பத்தோடு முள்வேலி முகாமில் அடைக்கப்பட்டவர். மில்வாக்கியில் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்தபோதும், ஜப்பானியப் பெண்ணுக்குக் கற்பிக்க வகுப்பறை கிடைக்காது என்றார்கள். பட்டம் பாதியில் நின்றது. அப்படி வந்தவர் கையில் கல்லூரிச் சலவையகத்தின் ரப்பர் முத்திரை அகப்பட்டது. துணி மாறிப் போகாமல் இருக்கக் கல்லூரியின் மூன்று ஆங்கில முதலெழுத்துகளைப் பொறித்திருந்த முத்திரை. அதையே மையில் தோய்த்து வரிசை வரிசையாகக் குத்தி, அலை அலையாய் ஓடும் கோலங்களை உண்டாக்கினார். ஆல்பெர்ஸ் வகுப்பின் பாடமே இதுதான்: விலை உயர்ந்த பொருள் எதற்கு, கையில் இருப்பதை முதலில் கண் திறந்து பார். உதிர்ந்த இலையும் மடித்த காகிதமும் அங்கே பாடப் பொருள்கள். மெக்சிகோவில் கூடை பின்னுகிறவர்களிடம் கற்ற கம்பிப் பின்னலை வைத்து அசாவா பிற்பாடு உலகறிந்த சிற்பி ஆனார்.

அவரையும் மற்றவர்களையும் படம் பிடித்தவர்களில் என் மனம் போய் நிற்பது ஹேசல் லார்சன் ஆர்ச்சரிடம். 1921இல் மில்வாக்கியில் பிறந்தவர். சிறுவயதில் தாக்கிய இளம்பிள்ளைவாதம் கால்களை எடுத்துக்கொண்டது. ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் இந்த மலைச்சரிவுக்குப் படிக்க வந்தார். 1949இல் அங்கேயே முதல் முழுநேரப் புகைப்பட ஆசிரியை ஆனார். ஓடி ஆடி வேலை செய்யும் ஒரு ஊரின் நடுவே உட்கார்ந்தபடி அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாம் தரையை விட்டு எழும்பும் கணத்தை, ஒரு துண்டு வெளிச்சத்தில் திரும்பும் முகத்தை, ஆடிக்கொண்டிருக்கும் கையை அவர் பிடித்ததுபோல் பிடித்தவர்கள் குறைவு. நடக்க முடியாத ஒருவர் நடனத்தை இப்படிப் படமெடுத்தார் என்று வியப்பதைவிட, இத்தனை பொறுமையாகப் பார்க்க எது கற்றுக்கொடுத்தது என்று யோசிக்கத் தோன்றுகிறது.

1948 கோடை பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். இசையமைப்பாளர் ஜான் கேஜ், கன்னிங்ஹாம், ஓவியர் வில்லெம் டி கூனிங், வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் எல்லோரும் ஒரே சமயத்தில் இருந்தார்கள். ஜன்னலுக்கு மாட்டும் வெனிஷியன் பிளைண்ட் பட்டைகளைக் கோத்து ஃபுல்லரும் மாணவர்களும் ஒரு குவிமாடம் எழுப்பப் பார்த்தார்கள். எழவில்லை. தரையில் சுருண்டு கிடந்த அந்தப் பட்டைகளைச் சுற்றி ஆட்கள் நிற்கும் படம் இருக்கிறது. தோற்றுப்போன முயற்சியை ஒரு கல்லூரி மறைக்காமல் வைத்திருப்பதால் அந்தப் படம் எனக்கு உயர்ந்ததாகத் தெரிகிறது. அடுத்த வருடம் ஃபுல்லர் திரும்பி வந்தார், குவிமாடம் நின்றது. அதே 1949 கோடையில் இந்திய நடனக் கலைஞர் நடராஜ் வஷியும் அங்கே பாடம் நடத்தினார்.

இனி ஒரு விசித்திரம். 1952 ஆகஸ்டில் சாப்பாட்டுக் கூடத்தில் கேஜ் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். ஒரே நேரத்தில் ஒருவர் உரை வாசிக்க, ஒருவர் கவிதை சொல்ல, டேவிட் டியூடர் பியானோ வாசிக்க, கன்னிங்ஹாம் இருக்கைகளுக்கு நடுவே ஆட, மேலே ராபர்ட் ரவுஷன்பெர்கின் வெள்ளை ஓவியங்கள் தொங்கின. பின்னாளில் நிகழ்த்துகலை என்று உலகம் கொண்டாடியதன் ஊற்றுக்கண் இது. அந்த மாலைக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. வந்திருந்தவர்களின் நினைவுகள் மட்டும் உண்டு, அவையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் கட்டுக் கட்டாகப் படங்கள். வரலாறாகப் போகிறது என்று தெரிந்து அங்கே யாரும் கேமராவைத் தூக்கவில்லை. பக்கத்தில் இருந்த வாழ்க்கையைத்தான் எடுத்தார்கள்.

பணம் ஒருநாளும் போதவில்லை. ஆல்பெர்ஸ் தம்பதி 1949இல் விலகினார்கள். கவிஞர் சார்லஸ் ஓல்சன் இழுத்துப் பிடித்துப் பார்த்தார். 1957இல் எல்லாம் முடிந்தது. 24 வருடங்களில் ஏறத்தாழ 1,200 பேர் படித்திருந்தார்கள். ஏரிக்கரை நிலம் சிறுவர்களின் கோடை முகாமாக மாறியது. மாணவர்கள் கட்டிய நீண்ட கட்டடம் இன்றும் நிற்கிறது. அதன் அடித்தூண்களில் ழான் ஷார்லோ 1944இல் தீட்டிய சுவரோவியங்களும் இருக்கின்றன. படங்களும் கடிதங்களும் பக்கத்து ஊரான ஆஷ்வில்லில், வட கரோலினா மாநில ஆவணக் காப்பகத்தின் கிளையில் பத்திரமாக உள்ளன.

அந்த வளாகத்தில் ‘அமைதி இல்லம்’ என்று ஒரு சிறு கல் வீடு இருந்தது. கல்லூரியை நிறுவியவர்களில் ஒருவரான தியடோர் டிரையரின் சிறு மகன் 1941இல் வாகன விபத்தில் இறந்துபோனான். அவன் நினைவாக அலெக்ஸ் ரீட் என்ற மாணவர் கட்டியது அது. யார் வேண்டுமானாலும் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கலாம். 1948இல் ஹேசல் அந்த வீட்டின் மரக்கதவைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தார். அந்தப் படங்களில் ஆட்கள் இல்லை. அதே கதவு, அதே மரம். படத்துக்குப் படம் வெளிச்சம் மட்டும் இடம் மாறியிருக்கிறது.