வன்றாய்ப்புறம்

வயிற்றில் பெரிய அறுவை செய்துகொண்டவரின் நோவைத் தணிக்க முதுகில் செருகும் மெல்லிய குழாயை மருத்துவர்கள் 'எபிடியூரல் கதீட்டர்' என்கிறார்கள். சொல்லன்பரே, இந்த இரண்டு சொற்களுக்குள் மூன்று மொழிகள் ஒடுங்கிக் கிடக்கின்றன.

'எபி' கிரேக்க முன்னொட்டு; மேல் என்பது பொருள். நம் 'மேல்தோல்' போலவே இங்கும் அது உயரத்தை அன்றிப் புறத்தையே சுட்டுகிறது. 'டியூரா' இலத்தீன் பெயரடை. வன்மையான என்பது பொருள். எது வன்மையானது? முழுப்பெயர் 'டியூரா மேட்டர்', அதாவது வன்மையான தாய். மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்திய தடித்த உறை. உறை தாயானது அரபு வழக்கால்: தாய்ப்பத்திரம் என்று நாம் சொல்வதுபோல, பொருள்களுக்கிடையிலான உறவைச் சுட்ட 'உம்மு' என்னும் தாய்ச்சொல்லை அரபியர் ஆள்வர், அலீ இப்னுல் அப்பாஸின் மருத்துவ நூலை 1127-இல் இலத்தீனில் பெயர்த்த அந்தியோக்கியா ஸ்தேவான் அந்தத் தாயையும் அப்படியே கொண்டுசேர்த்தார். 'எபிடியூரல்' பிறந்தபோது தாய் உதிர்ந்து, வன்மை மட்டும் நின்று உறையைக் குறித்தது. பண்பாகுபெயர் என்று நாம் உடனே இனங்காண்போம். தமிழாக்கினால், வன்தொண்டர் வன்றொண்டர் ஆவதுபோல், 'வன்றாய்' என்று புணர்ந்து ஒலியும் இறுகிவிடுகிறது.

1921-இல் இவ்வுறையின் புறத்தே மருந்து செலுத்தி மரக்கச்செய்யும் முறையை எழுதிவைத்த ஸ்பானியப் படைமருத்துவர் ஃபிடெல் பாஹேஸ் உறையைக் கருதாமல், உடலின் கூறு கூறாக மரப்பதைக் கொண்டு 'மெட்டாமெரிக்' என்று பெயரிட்டார். ஜெர்மானியரோ 'எபி'யை விட்டுச் 'சுற்றி' என்னும் பொருளுள்ள 'பெரி'யைக் கொண்டு 'பெரிடியூரல்' என்கிறார்கள்.

'கதீட்டர்' கிரேக்கத்தில் கீழே விடப்படுவது; நெடுங்காலம் சிறுநீர்க் குழாய்க்கே உரிய பெயர். 1947-இல் ஹவானாவில் மார்ட்டினெஸ் குர்பெலோ சிறுநீர்நாளக் குழாயையே முதுகில் செலுத்தியபோது, பொருளோடு பெயரும் இடம்பெயர்ந்தது. ஆகவே தமிழில் வழங்கும் 'வடிகுழாய்' இங்கே பொருந்தாது. இக்குழாய் எதையும் வடிப்பதில்லை, மரப்பு மருந்தை உள்ளே சேர்க்கிறது. மூலப்பெயரும் பிசகுகிறது: ஊடுகதிர்த் திரையில் பார்த்தால், ஊசி முள்ளெலும்புகளின் இடுக்கில் நுழைந்து நிற்க, செலுத்திய நிறமருந்து உறையின் புறத்தே படர்ந்து இடத்தை உறுதிசெய்ய, கீழே விடப்படுவதாகப் பெயர்பெற்ற குழாய் பெரும்பாலும் தலைப்பக்கமாக மேலேறுகிறது. காரணப்பெயர் இடுகுறியாய்த் தேய்ந்த கதை இது.

'செருகுகுழல்' என்று வினைத்தொகையாக்கினால் மேல் கீழ் என்னும் வழக்கே எழாது. செருகும்போதும், செருகியபின் சில நாள் முதுகில் தங்கியிருக்கும்போதும் அப்பெயரே செல்லும். 'வன்றாய்ப்புறச் செருகுகுழல்' சற்று நீளம்தான். ஆனால் உதிர்ந்த தாய் அதில் மீண்டுவிடுகிறாள்.