‘அந்த ஜப்பான்காரன் வந்ததிலிருந்துதான்...’: தி வெய்லிங் படமும் 1923-ம்

நா ஹோங்-ஜின் இயக்கிய ‘தி வெய்லிங்’ (2016) கொரியப் படத்தில் பேயைவிட எனக்கு அதிகம் பயம் தந்தது ஊர்ப்பேச்சுதான். ‘அந்த ஜப்பான்காரன் வந்ததிலிருந்துதான் இதெல்லாம் நடக்குது.’ படத்தின் பாதிக் கதை இந்த ஒரு பேச்சில் அடங்கிவிடும்.

(இனி கதையின் முடிவு வரைக்கும் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

கொக்சோங் தென் கொரியாவில் உள்ள ஒரு மலைப்பகுதி. அங்கே ஒரு கிராமத்தில் ஆட்கள் திடீரென வெறிபிடித்துச் சொந்தக் குடும்பத்தையே கொல்கிறார்கள். நச்சுக் காளான்தான் காரணம் என்று ஒரு விளக்கம் வருகிறது. ஊர் அதை ஏற்கவில்லை. மலையில் தனியாக ஒரு ஜப்பானியர் இருக்கிறாரே! குனிமுரா ஜுன் நடித்த அந்தப் பாத்திரத்துக்குப் பெயரே கிடையாது. நடிகர் பட்டியலில்கூட ‘வெளியூர்க்காரர்’ என்றுதான் இருக்கிறது. அவர் பேசுவது ஊருக்குப் புரியாது. ஜப்பானிய மொழி தெரிந்த ஒரு இளம் பாதிரி மாணவர் வழியாகத்தான் ஒன்றிரண்டு வார்த்தை வந்து சேருகிறது.

ஏன் ஜப்பானியர்? 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் காலனி. விடுதலைக்குப் பிறகும் ஜப்பானியப் படங்களைத் தென் கொரியத் திரையரங்கில் வெளியிடப் பல பத்தாண்டுகள் தடை இருந்தது. 1998-ல்தான் அது தளரத் தொடங்கியது. ஆக, அந்த ஊர்க்காரர்களின் சந்தேகம் சும்மா வந்ததில்லை.

ஆனா இதே காலனிக் காலத்தில் இந்தக் கதை தலைகீழாகவும் நடந்திருக்கிறது.

1923 செப்டம்பர் 1, பகல் 11:58. தோக்கியோ, யோக்கோஹாமா பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. நடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் ஒரு லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். அன்றே வதந்தி கிளம்பியது: கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள். இதைப் போலீசே பரப்பியது. கொரியர்கள் தீ வைப்பதாகச் சொல்லும் உள்துறையின் தந்தி, ஃபுனபாஷி கடற்படை வானொலி நிலையம் வழியாக மாகாணங்களுக்குப் போனது.

தெருவுக்குத் தெரு காவல் கும்பல்கள் முளைத்தன. மூங்கில் ஈட்டி, கத்தி, அரிவாளோடு வழியை மறித்து, ‘ஜூகோஎன் கோஜிஸ்ஸென்’ (15 யென் 50 சென்) என்று சொல்லச் சொன்னார்கள். சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ஜூ’வும் ‘கோ’வும் கொரியர் வாயில் ‘சூ’, ‘கோ’ என்று மெலிதாக மாறிவிடும். மாறினால் தீர்ந்தது. கொல்லப்பட்ட கொரியர்கள் 6000-க்கும் மேல் என்ற கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. சீனர்களும் செத்தார்கள். செப்டம்பர் 6-ல் சிபா மாகாணத்தின் ஃபுகுதா கிராமத்தில், ககாவாவிலிருந்து மருந்து விற்க வந்த 9 பேரைக் கொன்றார்கள். அவர்கள் ஜப்பானியர்கள்தான், பேச்சு வழக்கு வேறு மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொண்டு படத்தை மறுபடி பாருங்கள். ஜோங்-கு ஒரு போலீஸ்காரர். மகளுக்குப் பேய் பிடித்ததும், கையில் கிடைத்த கருவிகளோடு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு அந்த ஜப்பானியரை மலையில் விரட்டுகிறார். பிறகு வண்டியில் அடிபட்டுக் கிடக்கும் அவரைத் தூக்கிச் சாலையோரச் சரிவில் எறிகிறார்கள். 1923-ன் அதே கும்பல், இனங்கள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. இயக்குநர் அதை நினைத்து எடுத்தாரா என்பதல்ல என் கேள்வி. அந்த நேரத்தில் ‘எறியுங்கடா’ என்று நம் மனமும் சொல்கிறதே, அதுதான் கேள்வி.

என் வருத்தம் முடிவில்தான். குகையில் அந்த ஜப்பானியர் கண் சிவந்து சாத்தானாக மாறுகிறார். வதந்தி உண்மையாகிவிட்டால் கும்பல் செய்ததும் சரியாகிவிடுமா? படத்துக்குச் சாதகமாக ஒன்று சொல்லலாம். அந்த உருவம் தெரிவது, அவர் சாத்தான்தான் என்று முன்பே முடிவு கட்டி அரிவாளோடு போன பாதிரி மாணவர் கண்ணுக்கு மட்டும். அவர் அப்படி முடிவு கட்டித்தான் வந்திருக்கிறார் என்பதைப் படமும் ஒளிக்கவில்லை.

குனிமுராவுக்கு இந்தப் படத்துக்காக 2016-ல் தென் கொரியாவின் ப்ளூ டிராகன் விருது கிடைத்தது. அந்த விருது வெளிநாட்டு நடிகர் ஒருவருக்குப் போனது அதுவே முதல்முறை. பெயரில்லாத வெளியூர்க்காரராக நடித்தவரைக் கொரியா பெயர் சொல்லி மேடைக்கு அழைத்தது. படத்துக்குள் இருக்கும் ஊருக்கு மட்டும் கடைசி வரை அவர் பெயர் தெரியாது, ஒருத்தர்கூடக் கேட்கவுமில்லை.