கல்வியின் மீதி முக்கால்

வில்லிபுத்தூரார் ஊர்தோறும் சென்று புலவர்களை வாதுக்கு அழைத்தார், தோற்றவர் காதை அறுத்தார், அப்படி வந்தவர் திருவண்ணாமலையில் அருணகிரிநாதரை எதிர்கொண்டார் என்பது வழிவழிக் கதை. அருணகிரியார் கந்தர் அந்தாதியை அங்கேயே புனைந்து சொல்லச் சொல்ல, வில்லிபுத்தூரார் ஒவ்வொரு பாட்டுக்கும் உடனுக்குடன் உரை கூறி வந்தார். தகர வருக்க எழுத்துகளாலேயே அமைந்த 54ஆம் பாட்டில் அவருக்குப் பொருள் பிடிபடவில்லை. பாடியவரே பொருளை விரித்துரைத்தார். வென்ற பின்னும் தோற்றவரின் காதைத் தொடவில்லை. 'கருணைக்கு அருணகிரி' என்ற வழக்கோடு இக்கதையைச் சேர்த்துச் சொல்வார்கள். கதையை வரலாறாகக் கொள்ளலாமா என்று கேட்பது நியாயம், கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தவர்கள் கல்விக்கு எதை உரைகல்லாக வைத்தார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. எத்தனை பாட்டு மனப்பாடம் என்று அந்த வாதில் யாரும் கேட்கவில்லை. முன்பு கேட்டே அறியாத ஒன்றைப் பிறருக்கு விளங்கும்படி எடுத்துரைக்க முடிகிறதா என்பதே சோதனை.

இந்த உரைகல் கதையோடு நின்றுவிடவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் அதைக் கணக்காகவே வகுத்துத் தருகிறது. ஆசிரியர் சொன்னதை முழுக் கவனத்தோடு கேட்டாலும் மாணவனுக்குக் கல்வியில் கால் பங்குதான் வந்து சேரும். உடன் பயில்பவரோடு பழகுவதால் இன்னொரு கால். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு உரைக்கும்போதுதான் கைகூடும். 1956இல் அமெரிக்காவில் பெஞ்சமின் புளூம் குழுவினர் சிந்தனையை ஆறு படிகளாக அடுக்கினர்; நினைவில் வைத்தல் அடிப்படி, மதிப்பிடுதல் உச்சிப்படி. மனம் என்ன செய்கிறது என்பதை வைத்து அவர்கள் ஆழத்தை அளந்தார்கள். நன்னூலோ யாரோடு சேர்ந்து கற்கிறோம் என்பதை வைத்து அளந்தது. ஆசிரியர், தோழர், கேட்போர் ஆகிய மூவரும் இல்லாமல் கல்வி நிறைவதில்லை என்பது அதன் துணிபு. வகுப்பறை ஆழத்தைப் பற்றிய நம் வரலாற்றில் இதுவே மையமான உண்மை என்று கருதுகிறேன்.

ஏட்டில் இப்படி எழுதியிருக்கலாம், ஊர்ப் பிள்ளைகள் கிளிப்பிள்ளைப் பாடம்தானே படித்தார்கள் என்பது வலுவான மறுப்பு. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு 12,498 பள்ளிகளையும் 1,88,650 மாணவர்களையும் காட்டியது. திருவண்ணாமலை அந்நாளில் அடங்கியிருந்த தென்னாற்காடு மாவட்டத்தில் மட்டும் 875 பள்ளிகள். திண்ணையில் மணலில் எழுத்துப் பழகி, அரிச்சுவடியும் எண்சுவடியும் ஆத்திசூடியும் முறைவைத்து ஒப்பிக்கும் பள்ளிகளே தமிழ்நாட்டில் பெரும்பாலும் இருந்தன. 1823இல் பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் மன்றோவுக்கு எழுதிய அறிக்கையில், பிள்ளைகள் செய்யுளைப் பொருள் அறியாமல் ஒப்பிக்கிறார்கள் என்று குறைப்பட்டார். அந்தக் குறை உண்மை. ஆனால் அதே அறிக்கையில், முன்னேறிய பிள்ளைகள் இளையவர்களுக்குக் கற்பிப்பதையும் அதனால் தங்கள் அறிவையே உறுதிப்படுத்திக்கொள்வதையும் அவர் மனமாரப் பாராட்டினார். நம்மூர்ச் சட்டாம்பிள்ளை முறைதான் அது. எண்சுவடியை ஒப்பிப்பதும் வீண்வேலை அல்ல. முந்திரி என்னும் 1/320 முதல் காணி, மா, அரைக்கால் என்று ஏறும் பின்னங்கள் நாவில் இருந்தால்தான் நெல்லையும் நிலத்தையும் நின்ற இடத்திலேயே கணக்கிட முடியும். மனப்பாடம் அங்கே அடித்தளம். அடித்தளத்தோடு படிப்பை முடித்துக்கொண்ட பிள்ளைகள்தான் கேம்பெலின் குறைக்கு இலக்கானார்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. அந்தப் படிப்பு யாருக்குக் கிடைத்தது? மன்றோவின் கணக்கில் வந்த மாணவர்களில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் திண்ணையில் இடமே இல்லை. இடம் கிடைத்தவர்களுக்கும் பிரம்படியும் கோதண்டம் என்ற தண்டனையும் இருந்தன. இதற்குச் சமாதானம் சொல்லக் கூடாது. எல்லாப் பிள்ளைகளையும் உள்ளே கொண்டுவந்த இன்றைய பள்ளி, திண்ணையைவிடப் பல மடங்கு அறமானது. அதனால்தான் வழியில் இழந்த, தோழருக்கு உரைத்துக் கற்கும் வழக்கத்தை அந்த எல்லாப் பிள்ளைகளுக்காகவும் மீட்டாக வேண்டும்.

இழப்பு எப்படி நேர்ந்தது? 1789 முதல் எழும்பூர் ஆண்கள் ஆதரவற்றோர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியின் மணலெழுத்தைக் கண்டு அதைக் கைக்கொண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கே நடத்திக் காட்டி, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்தில் பரவியபோது, குறைந்த செலவில் ஏராளமான பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வழியாகவே பெரிதும் மதிக்கப்பட்டது. இங்கோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தேர்வு முடிவைப் பார்த்து மானியம் தரும் ஏற்பாடு வந்தது. ஆய்வாளர் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே நிறுத்திக் கேள்வி கேட்டார். ஒரே நாளில் சோதிக்கக்கூடியது நினைவாற்றல்தான். அதற்குத்தான் பணம் வந்தது. தோழருக்கு விளக்கும் நேரம் பள்ளிக்கு வருமானம் தராத நேரமாயிற்று. நன்னூல் சொன்ன முக்கால் பங்கு இப்படித்தான் வகுப்பறையை விட்டு வெளியேறியது என்பது என் முடிவு.

அது திரும்பி வர முடியாததல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் தமிழகமெங்கும் சென்ற செயல்வழிக் கற்றலில், சக மாணவர் துணையோடு கற்கும் குழு திட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது. மெதுவாகக் கற்கும் பிள்ளை பின்தங்கிவிடும், நேரமும் போதாது என்று ஆசிரியர்கள் அஞ்சுவது இயல்பு. விளக்கும் வாய்ப்பு முதல் மாணவனுக்கே போய்க்கொண்டிருந்தால் அந்த அச்சம் பலிக்கும். முறைவைத்து எல்லாருக்கும் வந்தால், மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கும் கேட்பதற்கு ஒரு தோழன் கிடைப்பான். பாடம் நடத்தி முடித்தாயிற்று என்று பதிவேட்டில் எழுதுமுன், அதை ஒவ்வொரு பிள்ளையும் இன்னொரு பிள்ளைக்குத் தன் சொல்லில் விளக்கியாயிற்றா என்று பள்ளி கேட்க வேண்டும். கற்றலின் ஆழத்தை அளக்க அதைவிட நேரான கேள்வி இல்லை.