ரத்தம் குடிக்க மாட்டேன்னு அடம்பிடிக்கும் வேம்பையர்... யார் இந்த மிகா?

வேம்பையர்னா உங்களுக்கு ட்ராகுலாதானே ஞாபகம் வரும்? அந்த லிஸ்ட்ல மிகாவையும் சேர்த்துக்கோங்க மக்களே!

'செராஃப் ஆஃப் தி எண்ட்', டகாயா ககாமி எழுதி, யமாடோ யமமோட்டோ வரைந்த ஜப்பானிய மங்கா. 2012-ல் தொடங்கியது. 2015-ல் 24 எபிசோடு அனிமேவாகவும் வந்தது.

ஒரு வைரஸால் 13 வயதுக்கு மேற்பட்டவர்கள் கொத்துக்கொத்தாகச் சாக, மிச்சமிருக்கும் பிள்ளைகளை வேம்பையர்கள் நிலத்தடி நகரத்தில் அடைத்து, ரத்தத்துக்காகவே வளர்க்கிறார்கள். பால் பண்ணை மாதிரி! அதில் இருவர், ஒரே ஆசிரமத்தில் வளர்ந்த யூவும் மிகாவும். 12 வயதில் தப்பிக்கும்போது யூ மட்டும் வெளியேறுகிறான். சாகக் கிடக்கும் மிகாவை ராணி க்ருல் தன் ரத்தம் கொடுத்து வேம்பையராக்கிவிடுகிறாள். யாரும் அவன் சம்மதத்தைக் கேட்கலை.

ஆனால், மனித ரத்தத்தைத் தொடாதவரை அவன் முழு வேம்பையர் ஆக மாட்டான். உடம்பு வளர்ந்துகொண்டே இருக்கும், கண்ணும் நீலமாகவே இருக்கும். அதனால் க்ருல் தரும் ரத்தத்தை மட்டும் குடித்து, தாகத்தில் துடித்தபடியே நாலு வருஷத்தை ஓட்டுகிறான். யூவோ, வேம்பையர்களைக் கொல்லும் ராணுவத்தில்!

சண்டைக் காட்சிகள் சில இடங்களில் இழுவைதான். ஆனா இரண்டாவது சீசனை விட்றாதீங்க. (ஸ்பாய்லர் வேண்டாதவங்க இங்கேயே நிறுத்திக்கோங்க.) ரத்தமில்லாமல் சுருண்டு கிடக்கும் மிகாவிடம், "என்னோடதைக் குடி"ன்னு யூவே கழுத்தை நீட்டுகிறான். மிகா மறுக்கிறான், அழுகிறான், கடைசியில் குடிக்கிறான். நிமிரும்போது அவன் கண் சிவப்பாக இருக்கிறது.