கொங்குநாட்டுத் தலயாத்திரையும் மழைக்காலமும்

கொங்குநாட்டில் தலயாத்திரை மேற்கொள்வார் முதற்கண் நோக்கவேண்டுவது பருவமாகும். இதற்குப் பெரியபுராணமே சான்று. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தப் பிள்ளையார் அடியார் திருக்கூட்டத்துடன் இந்நாட்டிற்குப் போந்தார். பவானியாகிய திருநணாவை வணங்கி மீண்டு, திருச்செங்கோடாகிய கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தார். அந்நாளில் பனிக்காலம் புகுந்தது. உடன்வந்த பரிசனத்தார் குளிர்சுரத்தால் நடுக்குற்றனர். சோழநாட்டுச் சமவெளியில் பழகிய உடம்பிற்கு இந்நாட்டுக் குளிர் ஒவ்வாதாயிற்று போலும். அச்சுரம் இந்நிலத்திற்கு இயல்பே ஆயினும் அடியாரைத் தீண்டலாகாது எனத் திருவுளங்கொண்ட பிள்ளையார், திருநீலகண்டப் பதிகம் பாடியருளினார், பிணியும் நீங்கியது.

இந்நாட்டு மழை இருவகைத்து. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வீசும். வெள்ளியங்கிரியும் சிறுவாணிச் சாரலும் அப்போது மழையில் நனைந்து கிடக்க, கிழக்கே சில காத தூரத்திலுள்ள பீளமேட்டிற்குப் பெரும்பாலும் காற்றும் தூறலுமே கிடைக்கும். பூளைமேடு என்றும் வழங்கும் இவ்வூரின் காடுகள் மிகுதியாக நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையையே. ஆதலின் பீளமேட்டில் வானம் வெளுத்திருக்கக் கண்டு வெள்ளியங்கிரி ஏறப் புறப்படுதல் அறியாமை. ஏழு மலைகளைக் கடந்து செல்லும் அவ்வழி வழுக்குப் பாறையும் அடர்ந்த காடும் உடையது. மாசி முதல் வைகாசி வரையே அடியார் மலையேறுதல் வழக்கம். வனத்துறையினரும் அம்மாதங்களை ஒட்டியே இசைவு தருகின்றனர்.

பாலங்கள் அமையாத காலத்தில் மேற்குமலையில் பெய்த மழை நொய்யலிலும் பவானியிலும் வெள்ளமாய் வந்து வழியடைக்கும். வெள்ளம் வடிந்து பரிசல் விடும்வரை யாத்திரிகர் கரையிலேயே காத்திருந்தனர். 1862இல் போத்தனூர் வழியே புகைவண்டி ஓடத் தொடங்கிய பின்னரே நெடுவழிச் செல்வார்க்கு இவ்விடர் பெரிதும் குறைந்தது.

பெருவிழாக்களின் வைப்பு முறையும் கருதத்தக்கது. பழனித் தைப்பூசம், பேரூர்ப் பங்குனி உத்திரம், அவிநாசிச் சித்திரைத் தேர் ஆகிய மூன்றும் ஐப்பசி மழை ஓய்ந்தபின்னும் ஆனிக்காற்று எழுமுன்னும் நிகழ்வன. கதிரறுத்துக் கை ஓய்ந்த குடியானவன் வண்டி பூட்டவும், நனையாத மண்ணில் தேர் உருளவும் ஏற்ற காலம் அதுவே. முன்னோர் எண்ணியே அமைத்தனர் என்று கொள்ளுதல் பொருந்தும். மழையை விலக்காது எதிர்கொண்டழைக்கும் விழா ஒன்றும் உண்டு. அது பேரூரில் ஆனியில் நிகழும் நாற்று நடவு விழா. சுந்தரமூர்த்தி நாயனார் வந்தபோது பட்டிப்பெருமான் பள்ளனாய், அம்மை பள்ளியாய் வயலில் நாற்று நட்டிருந்தனர் என்பது அத்தலவரலாறு. நொய்யலில் புதுநீர் வரும் அந்நாட்களில் பேரூர் செல்வார், குடையும் மாற்றாடையும் கொண்டு செல்லுதல் நன்று.