சூரியனுக்கு ஒரு பேக்கப்: கொடைக்கானல் கண்ணாடித் தட்டுகளும் நம்ம வீட்டு நாஸும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

கொஞ்ச நாளா மெயிலில் அதிகமா வர்ற கேள்வி: "வீட்டு போட்டோ, வீடியோ எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்க நாஸ் வாங்கணும். எந்த பாக்ஸ் வாங்கலாம்?" புதுசா கேக்குறவங்களுக்கு: நாஸ்னா நெட்வொர்க் அட்டாச்ட் ஸ்டோரேஜ். ரூட்டரோட இணைச்ச ஒரு சின்னப் பெட்டி, உள்ளே ஹார்ட் டிஸ்க். வீட்டுல எல்லார் போனும் அதுல போய்ச் சேமிக்கும்.

எனக்கு இந்தக் கேள்வி வந்தது அக்கா கல்யாண டிவிடியால. கொடைக்கானல் வீட்டு பீரோவில் 2011-லேர்ந்து கிடந்தது. போன வருஷம் பார்க்கலாம்னு எடுத்தா, வீட்டுல எந்த லேப்டாப்லயும் டிவிடி டிரைவ் இல்லை. வெளி டிரைவ் ஒண்ணு வாங்கிப் போட்டோம். முகூர்த்தத்துக்கு முன்னாடியே நின்னுபோச்சு. தாத்தா அட்சதை போட்டதைப் படம் பிடிச்சது அந்த ஒரு டிவிடியிலதான்.

அப்புறம்தான் நம்ம மலையில இருக்கிற இன்னொரு பெரிய ஆல்பம் ஞாபகம் வந்தது. கொடைக்கானல் சூரிய ஆய்வு நிலையம்.

பஞ்சத்திலிருந்து ஒரு ஆல்பம்

1876–78-ல் தாது வருஷப் பஞ்சம் மதராஸ் மாகாணத்தைச் சூறையாடியது. லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். மழை ஏன் பொய்க்கிறது, சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அரசுக்கு எழுந்தது. சூரியனைத் தொடர்ந்து கவனிக்க ஓர் இடம் வேண்டும் என்ற யோசனைக்கு அது வலு சேர்த்தது. மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் பார்த்து, கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1895-ல் அடிக்கல் நாட்டினார்கள். நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானியல் நிலையத்தின் பணி 1899-ல் சுமார் 2,340 மீட்டர் உயரத்துக்கு ஏறியது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே, மேகம் வழிவிட்ட நாட்களில் சூரியனைப் படமெடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. சாதாரண வெள்ளொளியில் ஒன்று, கால்சியம் கே என்ற குறிப்பிட்ட நிறத்தில் ஒன்று, பிறகு ஹைட்ரஜன் ஆல்ஃபாவில் ஒன்று. முதலில் கண்ணாடித் தட்டு, பிறகு ஃபிலிம், பிறகு டிஜிட்டல் கேமரா. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். 1937-ல் ஏ. எல். நாராயண் முதல் இந்திய இயக்குநரானார். 1960-ல் வைணு பாப்பு வந்தார். 1971-லிருந்து இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்துகிறது. ஆள் மாறினாங்க, ஆட்சியே மாறிச்சு. படம் எடுக்கிறது நிக்கலை.

ரெண்டு தடவை ஸ்கேன்

இந்தத் தட்டுகளை டிஜிட்டல் ஆக்கிய கதைதான் நமக்கு முக்கியம். முதல் முயற்சியில் 8 பிட் ஆழத்தில் ஸ்கேன் செய்தார்கள். அதாவது கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள்தான். மெல்லிய ஒளி வேறுபாடுகளுக்கு அது போதவில்லை. பிற்பாடு 4096-க்கு 4096 சிசிடி கேமராவால் 16 பிட்டில், 65,536 படிகளில், மறுபடி எடுத்தார்கள். ஒரு படம் மட்டும் சுமார் 33 எம்பி.

இதை எப்படிச் செய்ய முடிஞ்சது? முதல் ஸ்கேன் முடிஞ்சதும் "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே"ன்னு தட்டை யாரும் தூக்கிப் போடலை. வாட்ஸ்அப்பில் வந்த சுருங்கிய படத்தை வெச்சுக்கிட்டு போன்ல அசலை அழிக்கிற நம்ம வேலையை நினைச்சுப் பாருங்க.

இன்னொரு சங்கடமும் இருந்தது. சில படங்களில் பதிவான தேதி, நேரம் தப்பு. சிலவற்றில் சூரியனின் வடக்கு எந்தப் பக்கம் என்பதே தெளிவில்லை. ஆய்வாளர்கள் பின்னாளில் அதைத் திருத்தப் பெரும்பாடு பட்டார்கள். சூரியனுக்கே அந்த நிலைமைன்னா, "ஐஎம்ஜி 0034"ன்னு பேர் வெச்ச நம்ம படத்துல நிக்கிற பெரியப்பா யாருன்னு இன்னும் முப்பது வருஷம் கழிச்சு யார் சொல்லுவா?

கண்ணாடி சேமிக்க நல்ல பொருள், டிஜிட்டல்தான் மோசம்னு சொல்ல வரலை. கண்ணாடி உடையும், ஈரத்துல பூஞ்சை பிடிக்கும். ஆனா அதைப் பார்க்க வெளிச்சம் போதும். 1986-ல் பிபிசி பிரிட்டன் மக்களின் வாழ்க்கையை லேசர் டிஸ்க்கில் பதிவு செய்து, அதற்கு டூம்ஸ்டே திட்டம் என்று பெயர் வைத்தது. பதினைந்து ஆண்டுகளில் அதைப் படிக்கும் கருவி அரிதாகிவிட்டது. 1086-ல் தோலில் எழுதிய அசல் டூம்ஸ்டே புத்தகம் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. எங்க டிவிடிக்கு நடந்ததும் இதுதான், சின்ன அளவுல.

சரி, எந்த பாக்ஸ்?

முதல்ல கணக்கு. ஒரு போட்டோ 4 எம்பின்னு வெச்சா, 1 லட்சம் போட்டோ 400 ஜிபி. வீடியோதான் இடத்தைத் தின்னும். சராசரிக் குடும்பத்துக்கு ரெண்டு டிஸ்க் போடுற பாக்ஸ், 4 டிபி டிஸ்க் ரெண்டு, தாராளம். ரெண்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காதீங்க. ஒரே பேட்ச் டிஸ்க் அடுத்தடுத்துப் போக வாய்ப்பு அதிகம்.

ரெண்டையும் ரெய்டு 1-ல் போடணும். ரெய்டுன்னா வருமான வரித்துறை வர்றது இல்லை. 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூணு பேரும் ஒரு கட்டுரையில் முன்வெச்ச யோசனை. ரெய்டு 1-ல் எழுதுறது ரெண்டு டிஸ்க்லயும் பதியும். ஒண்ணு செத்தா இன்னொண்ணு ஓடும். அவ்வளவுதான் அது செய்யும். அம்மா தெரியாம ஒரு ஃபோல்டரை அழிச்சா ரெண்டுலயும் அதே நொடி அழியும். இடி இறங்கினா ரெண்டும் சேர்ந்தே போகும். அதனால ரெய்டு பேக்கப் ஆகாது.

பேக்கப்புக்கு 3-2-1 விதி இருக்கு. பிரபலப்படுத்தியவர் பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர். மூணு பிரதி, ரெண்டு வகை ஊடகம், ஒண்ணு வீட்டுக்கு வெளியே. நான் செஞ்சது இது: நாஸ் கொடைக்கானல்ல. எக்ஸ்டெர்னல் டிஸ்க் ஒண்ணு வத்தலக்குண்டு சித்தி வீட்டு பீரோவில், மூணு மாசத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் என்னோட போய் வரும். முக்கியமான படங்கள் மட்டும் கிளவுடில்.

மலைக்காரங்களுக்கு ரெண்டு விஷயம். இன்வெர்ட்டர் இருக்கேன்னு யூபிஎஸ்ஸை விட்டுடாதீங்க. கரண்ட் மாறுற அந்த நொடியில் பாக்ஸ் ரீஸ்டார்ட் ஆகலாம். யூஎஸ்பி வயரில் நாஸோட பேசுற யூபிஎஸ் வாங்கினா, பேட்டரி தீருறதுக்குள்ள பெட்டி தானே ஒழுங்கா மூடிக்கும். இடி மழைன்னா ரூட்டர் வயரையும் கழட்டுங்க. சும்மா கிடக்கிற டிஸ்க்கை சிலிக்கா ஜெல்லோட மூடி வைங்க.

கடைசியா, பாஸ்வேர்டும் டிஸ்க் எங்கே இருக்குங்கிறதும் ஒரு நோட்டில் தமிழில் எழுதி அம்மாகிட்ட கொடுத்திருக்கேன். ஆய்வு நிலையத்துல ஒரு இயக்குநர் போனா அடுத்தவர் எடுத்து நடத்துனாங்க. வீட்டு நாஸுக்கு இருக்கிறது நான் ஒரே ஆள்.

மாசத்தில் முதல் ஞாயிறு, பேக்கப் டிஸ்க் கையில் இருந்தா அதிலிருந்து, இல்லாட்டி கிளவுடிலிருந்து, ஏதாவது ஒரு படத்தை அம்மா திறக்கிறாங்க. போன தடவை வந்தது தாத்தா படம். "இது பெருமாள்மலை வீட்டு வாசல்"னாங்க. அதையே ஃபைல் பேரா மாத்திட்டோம்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.